மகாவலியின் கழிமுகத்தில் மூதூர்

ஆற்றங்கரை ஊர்களை இரு வகையாகப் பிரித்துக் கூறலாம். ஆற்றின் தலைமாட்டில் இருப்பவை ஒரு வகை; கால்மாட்டில் இருப்பவை மற்றொரு வகை. தலைமாட்டில் உள்ள ஊருக்கு ஆறு என்பது தன்மேற் பெய்த மழையைக் கீழே கொண்டு செல்லும் வாய்க்காலே. கால்மாட்டில் உள்ள ஊருக்கோ, அது பிறர் நிலத்தில் பெய்த மழையையும் பிறர் செய்த முடிபுகளையும் ஒருங்கே சுமந்து வருவது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த மூதூர் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அவ்வூரின் நிலவியல்பையும், அதனை நிருவகிக்க ஏற்பட்ட ஊராட்சி அமைப்பையும் ஒருசேர நோக்குவோர்க்கு, ஆறு ஒரு வழியிலும் ஆட்சி வேறொரு வழியிலும் நடப்பது புலனாகும். அந்த இடைவெளியே இங்கு ஆராயத்தக்க பொருள்.

மகாவலி மலைநாட்டின் உச்சியிலிருந்து இறங்கிக் கண்டியைச் சூழ்ந்து வளைந்து, மினிப்பேயை அடுத்துச் சமவெளியை அடைந்து, வடக்கு நோக்கி ஓடி, 335 கிலோமீற்றர் கடந்தபின் கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழைநீர் இவ்வாற்றின் வழியாகவே வடிகின்றது. பொலநறுவைப் பகுதியில் அம்பன் கங்கையும் இதனோடு சேர்கின்றது. அதன்பின் ஆற்றின் நடை மாறுகின்றது. மலையில் பாறைக்குப் பாறை தாவி விழுந்த நீர், சரிவு அற்ற நிலத்தில் தயங்கித் தயங்கிப் பரவுகின்றது. இருகரையிலும் 'வில்லு' எனப்படும் தாழ்ந்த சதுப்பு வெளிகள் உள. மாரியில் நீர் நிறைந்து ஏரிபோற் காட்சி தரும் இவ்வில்லுகள், கோடையில் வற்றிப் புல்வெளியாகி, மாட்டுப் பட்டிகளுக்கும் யானைக் கூட்டங்களுக்கும் மேய்ச்சல் நிலமாகின்றன.

கடலை அணுகும் முன்னரே ஆறு பிரிகின்றது. ஒரு கிளை வடக்கே சென்று கொட்டியாரக் குடாவை அடைகின்றது. மற்றொரு கிளை வெருகலாறு என்னும் பெயர் பெற்று, கிழக்கே திரும்பி, வங்கக் கடலிற் கலக்கின்றது. இவ்விரு கிளைகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலமே பழைய கொட்டியாரப் பற்றின் பெரும்பகுதி. மூதூர், கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், தோப்பூர், பள்ளிக்குடியிருப்பு, மல்லிகைத்தீவு, கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று, வெருகல் முதலிய ஊர்கள் இந்நிலத்தில் அமைந்தவை. மல்லிகைத்தீவு, கூனித்தீவு என்னும் பெயர்களில் 'தீவு' என்னும் சொல் நின்று விளங்குதல் கருதத்தக்கது. ஆறும் களப்பும் கடலும் சூழ்ந்த நாட்டிலே, சற்றே மேடான நிலமெல்லாம் தீவு எனப் பெயர் பெறுதல் இயல்பு.

இப்பகுதியின் தட்பவெப்பத்தை அறியாதார்க்கு இதன் வேளாண்மையும் விளங்காது. மூதூருக்குச் சொந்தமான மழை வடகீழ்ப் பருவக் காற்றுத் தரும் மழை. ஐப்பசி பிற்பகுதி தொடங்கித் தை வரை அது பெய்கின்றது. அதனை நம்பியே பெரும்போகம் விதைக்கப்படுகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும், நிலம் வெடிக்கும், கிணறுகள் வற்றும். ஆயினும் அதே காலத்தில் மகாவலியின் தலைமாட்டில், மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில், தென்மேற்குப் பருவமழை கொட்டுகின்றது. மூதூரில் ஒரு துளியும் வீழாத ஆனி மாதத்தில், அங்குள்ள ஆற்றில் நீர் ஓடுவது இதனாலேயே. பிறர் நிலத்து மழை ஊருக்குச் செய்யும் பேருதவி இது. சிறுபோகச் செய்கைக்கு வெருகலாற்று நீரை மாவிலாற்று வாயில்களின் வழியாகத் திருப்பி, அல்லைக் குளத்துக்கும் அதன்கீழ் உள்ள வயல்களுக்கும் கொண்டு செல்லும் ஏற்பாடு இவ்வியற்கை அமைப்பை ஒட்டியே எழுந்தது. 1950ஆம் ஆண்டுகளில் அல்லைக் குடியேற்றத் திட்டம் இந்நீரை நம்பி விரிவாக்கப்பட்டது. அதனால் வயற்பரப்பும் பெருகிற்று. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர் தொகையும் பெருகிற்று.

ஆனால் அதே ஆறு ஐப்பசிக்குப் பின் வேறு முகங் காட்டும். ஊரின் மழையும் மலையின் மழையும் ஒரே வேளையிற் சந்திக்குமாயின், வடிய இடமின்றி நீர் பரந்து ஊரை மூடும். மேட்டில் மழை ஓய்ந்து வானம் வெளுத்த பின்னரும், அம்மழையின் நீர் வந்து சேரச் சில நாட்கள் செல்லும். ஆகவே கழிமுகத்து மக்களுக்கு வெயில் காய்வதும் வெள்ளம் வருவதும் ஒரே நாளில் நிகழ்தல் புதிதன்று. வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டலே வயலுக்கு உரமாவதால், அதனை முற்றாகப் பகையென்று தள்ளவும் அவர்களால் இயலாது.

இந்நாட்டில் வாழ்வோரும் ஒரே இனத்தவர் அல்லர். மூதூர்ப் பட்டினத்திலும் தோப்பூரிலும் முஸ்லிம் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று முதலிய ஊர்கள் தமிழர் வாழ்பவை. சேருவிலப் பகுதியில் சிங்கள மக்கள் பெரும்பான்மையினர். கரையோர வேடர் வழிவந்த குடும்பங்களும் காட்டோரத்திலும் கடலோரத்திலும் உள. வெருகலாற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். சேருவிலையில் பழைய விகாரை உள்ளது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இம்மக்கள் அனைவரும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்து, ஒரே வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்பவர்.

மூதூர் என்னும் பெயரே பழைய ஊர் என்று பொருள்படும். கண்டி அரசு கடலை அடைவதற்கு இருந்த வாயில்களுள் கொட்டியாரமும் ஒன்று. 1660இல் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புயலிற் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடும் பொருட்டு இக்குடாவை நாடி வந்தது. கரையிறங்கிய கப்பற்றலைவரும் அவர் மகன் இறொபேட் நொக்சும் துணைவரும் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை மலைநாட்டிலேயே நோயுற்று இறந்தார். மகன் ஏறத்தாழ 19 ஆண்டுகள் அங்கே தடுத்துவைக்கப்பட்டு, 1679இல் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் அக்கால இலங்கையை அறிய இன்றும் உதவுகின்றது. அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. கடற்கரையில் நிகழ்ந்ததை மலையில் இருந்த அரசன் அறிந்து ஆணையிட்டான் என்பதே இவ்வரலாற்றில் நினைவு கொள்ளத்தக்கது. அன்றும் மூதூரின் காரியங்கள் ஆற்றின் தலைமாட்டிலேயே முடிவுசெய்யப்பட்டன.

இனி, ஊராட்சியின் வரலாற்றை நோக்கலாம். பண்டு கொட்டியாரப் பற்றை வன்னிமைகள் ஆண்டனர். பின்னர் ஐரோப்பியர் ஆட்சியில் உடையாரும் விதானையாரும் அரசாங்கத்தின் கையும் கண்ணுமாக விளங்கினர். வயல்வெளிகளில் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்க வட்டவிதானை இருந்தார். 1871இல் பிரித்தானிய அரசு இயற்றிய கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வழிசெய்தது. ஊர்ப்பாதை, வேலி, குளம், நீர்ப்பாய்ச்சல் ஆகியவைபற்றி ஊரவரே விதி செய்துகொள்ளவும், சிறு வழக்குகளை ஊரளவிலேயே தீர்க்கவும் அது இடமளித்தது. இச்சங்கங்களே பின்னர்க் கிராமச் சபைகளாக வளர்ந்தன. கிராமச் சபையின் அக்கிராசனர் ஊருக்கு அறிமுகமானவர். மதகு உடைந்தால் அவர் வீட்டுப் படலையைத் தட்டலாம். அவர் கையிற் பணம் குறைவு. ஆயினும் அவர் தொலைவில் இருந்தவர் அல்லர்.

1963இல் விதானைமார் முறை ஒழிந்து, கிராம சேவையாளர் நியமிக்கப்பட்டனர். 1981இல் கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் கலைந்து, அவற்றின் கடமைகள் மாவட்ட அபிவிருத்திச் சபைகளிடம் சென்றன. ஊருக்கு அண்மையில் இருந்த ஆட்சி இவ்வாறு மாவட்டத் தலைநகருக்கு நகர்ந்தது. இக்குறை உணரப்பட்டு, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பிரதேச சபைகள் அமைக்கப்பட்டு, 1988இல் தொழிற்படத் தொடங்கின. மூதூர், சேருவில, வெருகல் என்னும் மூன்று பிரதேச சபைகள் இன்று பழைய கொட்டியாரப் பற்றில் உள. ஆற்றுக்கு மேற்கே கிண்ணியாவில் நகரசபையும் பிரதேச சபையும் உள.

பிரதேச சபையின் கடமைகள் எவை? பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், ஊர்த்தெருக்கள், மக்களின் நலமும் வசதியும் என்பனவற்றைச் சட்டம் அதற்கு ஒப்படைத்துள்ளது. சந்தை, மயானம், நூல்நிலையம், தெருவிளக்கு, குப்பை அகற்றல், வடிகால், கட்டட அனுமதி, வியாபார உரிமம் ஆகியவை அதன் அன்றாட வேலை. ஆதனவரி, ஏக்கர் வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை ஆகியவை அதன் வருவாய்கள். மாகாண சபை வழியே வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் அதனோடு சேரும். வயலும் வாடியும் மிகுந்து, கடையும் தொழிற்சாலையும் குறைந்த ஒரு பகுதியில், இவ்வருவாய் எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இச்சபையோடு கூடவே பிரதேச செயலகம் ஒன்றும் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றெனவே மயங்குவர். பிரதேச செயலாளர் அரசாங்கத்தால் நியமிக்கப்படும் அலுவலர். காணி, நிவாரணம், பிறப்பு இறப்புப் பதிவு, கிராம அலுவலர் நிருவாகம் முதலியன அவர்பாற்பட்டவை. தவிசாளரும் உறுப்பினரும் மக்களால் தெரிவுசெய்யப்படுபவர். வெள்ளம் வந்த வீட்டுக்கு உலருணவு கொடுப்பவர் ஒருவர். அவ்வெள்ளம் வடியக் கானை வெட்ட வேண்டியவர் மற்றொருவர்.

போக்குவரத்தின் வரலாற்றில் ஆறும் ஆட்சியும் நேரே முட்டுவதைக் காணலாம். திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடல்வழியே இயந்திரப் படகிற் செல்வது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. கரைவழியே செல்வோர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி எனத் துறைதுறையாக நின்று நின்று கடக்க வேண்டும். தெற்கே மட்டக்களப்பு நோக்கிச் செல்வோர்க்கு வெருகற்றுறை வேறு. இருகரைக்கும் இடையே செல்லும் மிதவையை இப்பகுதியார் 'பாதை' என்றே வழங்குவர். நிலத்திலுள்ள வழியும் நீர்மேற் செல்லும் கலமும் ஒரே சொல்லாற் குறிக்கப்படும் நாட்டில், பாதை ஓடாவிடின் பயணமே இல்லை. காற்று வலுத்த இரவில் மகப்பேற்று நோவுற்ற பெண்ணை மாவட்ட ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்வது துறைகாரனின் மனத்தையும் ஆற்றின் குணத்தையும் பொறுத்ததாயிருந்தது. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனை அடுத்து மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. நூற்றாண்டுகளாக ஆற்றாற் பிரிந்து கிடந்த நிலம் சில ஆண்டுகளுள் ஒன்றாயிற்று.

ஆயினும் துறையின் காலம் முற்றாக ஒழிந்ததென்று கருதல் பிழை. 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதுப்பாலம் கட்டப்பட்டு வந்த வேளையில், மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாலம் கட்டுவது ஒரு திணைக்களத்தின் வேலை. பாதைக்கு அனுமதி கொடுப்பது வேறோர் இடத்தின் வேலை. அதில் ஏறி மறுகரைப் பள்ளிக்கூடத்துக்குச் செல்ல வேண்டியது குழந்தையின் வேலை. முதலிரண்டு வேலைகளும் ஒன்றையொன்று நோக்காதபோது மூன்றாவது வேலை உயிராபத்தாகின்றது.

வெள்ளத்தின் செய்தியும் இத்தகையதே. 1976இல் பொல்கொல்லை அணை மகாவலியின் நீரில் ஒரு பகுதியை வடமத்திய நாட்டுக்குத் திருப்பிற்று. 1985இல் கொத்மலை, விக்டோரியா என்னும் பேரணைகளும், பின்னர் இரந்தெனிகலை, இரந்தம்பை அணைகளும் நிறைவுற்றன. அம்பன் கங்கையின்மேல் மொறகாகந்தை நீர்த்தேக்கம் அண்மையில் எழுந்தது. இவ்வணைகளால் நாடு பெற்ற மின்சாரமும் விளைச்சலும் பெரியவை. ஆனால் கழிமுகத்துக்கு வரும் நீர் இன்று மழையை மட்டும் பொறுத்ததன்று. கதவுகளைத் திறப்போர், மூடுவோர் ஆகியோரின் தீர்மானத்தையும் பொறுத்தது. மகாவலி பல மாகாணங்களை ஊடறுத்துச் செல்வது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி, மாகாணங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளின் நீர்ப்பாசனம் மத்திய அரசாங்கத்தின் பொருள். மாகாண சபைக்கே இல்லாத அதிகாரம் பிரதேச சபைக்கு எங்ஙனம் உண்டாகும்? ஆற்றுமணல் அகழ அனுமதி அளிப்பதும் மத்திய அரசாங்கத்தின் பணியகமே. மணல் ஏற்றிய பாரவண்டிகள் குழியாக்கும் ஊர்த்தெருவைச் செப்பனிடுவது மட்டும் சபையின் கடமை.

1957 டிசம்பரில் நாட்டின் உலர்வலயக் குளங்களைப் பலவிடத்தும் உடைத்த பெருவெள்ளத்தை முதியோர் இன்னும் ஆண்டுக் கணக்குக்கு எல்லையாகக் கொள்வர். 2011 சனவரியில் கிழக்கு மாகாணம் மீண்டும் நீரில் மூழ்கிற்று. 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' என்னும் சூறாவளி மலைநாட்டிற் கொட்டிய மழை மகாவலி வழியே பெருகி வந்தபோது, மாவிலாற்று அணைக்கரை உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பகுதிகளின் மக்கள் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. மூன்று சபைகளின் எல்லையையும் அந்நீர் கேட்டு வரவில்லை.

மாவிலாறு என்னும் பெயர் வேறொரு துயரையும் நினைவூட்டும். 2006 யூலையில் அதன் நீர்வாயில் மூடப்பட்டதை ஒட்டி எழுந்த போரினால் மூதூர்ப் பகுதி மக்கள் இனவேறுபாடின்றி இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களுட் பலர் தம் காணிகளை மீண்டும் காண ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்தனர். அதற்கு முன், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்திருந்தது. ஒரு வாயில் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் பல்லாயிரவர் வாழ்வை மாற்ற வல்லது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையில் சிறிய பிரதேச சபையினால் ஆகக்கூடியது யாது? ஆற்றை ஆள அதனால் இயலாது. ஆறு வரும் வழியை அறிந்து ஊரை ஒழுங்குசெய்ய இயலும். எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த மதகு அடைபட்டால் எந்தக் குடியிருப்பு நீரில் நிற்கும், எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் உள்ளது என்பன திணைக்களத்தின் வரைபடத்தைவிட ஊர் உறுப்பினர்க்கே நன்கு தெரியும். தாழ்நிலத்திற் கட்டட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் சபையின் கையிலேயே உள்ளது. பழைய வெள்ளக்கால்களை மண்ணிட்டு நிரப்பி மனையாக்குவதைத் தடுத்தல், மாரிக்கு முன் கான்களைத் துப்புரவாக்கல், ஆண்டுதோறும் வெள்ளம் ஏறிய மட்டத்தைக் குறித்துவைத்தல் ஆகியன பெரும்பணம் வேண்டாத காரியங்கள். இவற்றுக்கு வேண்டுவது தொடர்ச்சியும் கவனமுமே.

தொடர்ச்சி என்னும்போது ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. 2018 பெப்ருவரி 10ஆம் நாள் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினரின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் நாளே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாக, நாடெங்கும் உள்ள சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி அலுவலராலேயே நடத்தப்பட்டன. அலுவலர் திறமையுடையவராயிருக்கலாம். ஆயினும் நள்ளிரவில் நீர் முற்றத்தை எட்டும்போது தட்டுவதற்கு ஒரு படலை வேண்டும். அப்படலைக்கு உரியவரைத் தெரிந்தெடுப்பதே ஊராட்சித் தேர்தலின் பொருள்.

மேலும், மூதூர், சேருவில, வெருகல், கிண்ணியா என்னும் சபைகள் தனித்தனியே நின்று முறையிடுவதால் விளைவது குறைவு. வெவ்வேறு மொழி பேசும் மக்களின் பிரதிநிதிகள் அமர்ந்த இச்சபைகள், ஆற்றின் பொருட்டு ஆண்டில் இருமுறையேனும் ஒரே மேசையில் கூடுதல் வேண்டும். அக்கூட்டத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் மகாவலி அதிகாரசபையாரும் அழைக்கப்படல் வேண்டும். மேலே கதவு திறக்கப்படும் செய்தி கீழே தோணிக்காரன், பட்டிக்காரன், வயற்காவலன் ஆகியோர் காதுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எட்டுதல் வேண்டும். நீர் வந்து சேரச் சில நாட்கள் செல்லும் என்பது இயற்கை தந்த அவகாசம். செய்தியும் நீரோடு சேர்ந்தே வருமாயின் அவ்வவகாசம் வீணாகும்.

ஒருகாலத்தில் கொட்டியாரத்து வயல்வெளிகளில், வட்டவிதானை மேல்வயற்காரனையும் கீழ்வயற்காரனையும் ஒரே வரம்பில் இருத்திப் பேசியே நீரைப் பங்கிட்டார். மேல்வயற்காரன் மடையைத் திறப்பதாயின், கீழ்வயற்காரனுக்குச் சொல்லிவிட்டே திறத்தல் வழக்கமாயிருந்தது. மகாவலி ஒரு பெரிய வாய்க்கால். அதன் மேல்வயல் மலைநாடு. கடைசி வயல் மூதூர். மடை திறக்குமுன் கடைசி வயற்காரனுக்குச் சொல்லியனுப்பும் அப்பழைய வழக்கத்தை முந்நூற்று முப்பத்தைந்து கிலோமீற்றர் நீளத்துக்கு விரித்துக்கொள்வதே நாடு இன்று செய்யத்தக்கது. அது கைகூடுமாயின், ஆற்றின் கால்மாட்டில் உறங்கும் ஊர் அச்சமின்றி உறங்கும்.